இணைப்பு எங்கே அறுந்திருக்கிறது? வன்னி வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கடந்த மாரியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மரணவீடு. கனடாவில் இருக்கும் மகனால் வரமுடியவில்லை. தாயின் கிரியைகளைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேதத்தை விறாந்தையிலிருந்து முற்றத்துப் பந்தலுக்குக் கொண்டுவந்தபோது படம் அப்படியே உறைந்துவிட்டது. ரவுட்டர் நின்றுவிட்டது என்று யாரோ சொல்ல, உறவுக்காரத் தம்பி ஒருவர் உள்ளே ஓடி, அதன் முதுகிலுள்ள சிறு துளைக்குள் சட்டை ஊசியை விட்டு அழுத்தினார். அத்தோடு வீட்டின் இணைப்பு முழுவதுமே போய்விட்டது. வாய்க்கரிசி போட்டதை மகன் பார்க்கவில்லை.

அன்று இணைப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை. ரவுட்டர் சுவாமி அறையில் இருந்தது. பந்தலுக்கும் அதற்கும் இடையில் இரண்டு கற்சுவர், ஒரு தகரத் தாழ்வாரம். வைஃபை அவ்வளவு தூரம் எட்டவில்லை, அவ்வளவுதான். பந்தலில் நின்று படம் எடுத்த தொலைபேசியில் வைஃபையை நிறுத்தி சிம் அட்டையின் டேட்டாவுக்கு மாற்றியிருந்தால் அரை நிமிடத்தில் படம் திரும்பியிருக்கும். நான் அங்கு போய்ச் சேர்ந்தபோது பாடை படலையைக் கடந்துவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில், ஒட்டுசுட்டானுக்கு இப்பால் இருக்கிறோம். அயலில் ரவுட்டர் பிழைத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலான வீடுகளில் தொலைபேசிக் கோபுரத்திலிருந்து சிக்னல் எடுக்கும் 4ஜி ரவுட்டர்தான். சில வீடுகளுக்குப் பைபர், அதாவது ஒளியில் ஓடும் கண்ணாடி இழை வயர், வந்திருக்கிறது. எந்த இணைப்பாக இருந்தாலும், எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

எதற்கும் முன்னால்: அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தல்

வழியில் மூன்று துண்டுகள் உண்டு. உங்கள் தொலைபேசியிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து கோபுரம் அல்லது பைபர் நிலையம் வரை இரண்டாவது. அங்கிருந்து வெளியுலகம் வரை மூன்றாவது. முதல் இரண்டில்தான் வீட்டிலிருந்து ஏதாவது செய்யலாம்.

ரவுட்டருக்கு அருகில், ஒரு மீற்றர் தூரத்தில் நின்று பாருங்கள். அங்கே நன்றாக வேலை செய்து, அறைக்குள் போனதும் நின்றால், பிழை முதல் துண்டில். அருகில் நின்றும் வரவில்லையென்றால் இன்னொருவரின் தொலைபேசியிலும் பாருங்கள். ஒன்றில் மட்டும் வரவில்லையென்றால் பிழை அந்தத் தொலைபேசியில்.

இரண்டிலும் வரவில்லையா? ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அதைத் தொலைபேசியின் உலாவியில் முகவரி எழுதும் இடத்தில் முழுமையாக எழுதுங்கள். ரவுட்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் உங்கள் வைஃபை நலமாக இருக்கிறது, பிழை அதற்கு அப்பால். திறக்காவிட்டால் பிழை வீட்டுக்குள். இந்த ஒரு சோதனை தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். பணமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

அந்தச் சிறு துளையைத் தொடாதீர்கள். மின்னை நிறுத்திப் போடுவது வேறு, துளையை அழுத்துவது வேறு. துளையை அழுத்தினால் வைஃபையின் பெயர், கடவுச்சொல், நிறுவனத்தோடு இணையும் அமைப்பு எல்லாம் அழிந்து, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். அந்த அமைப்பை எங்கும் எழுதிவைக்காத வீட்டில் அதைத் திரும்பப் பெற இரண்டு மூன்று நாட்கள் போகும்.

ரவுட்டரில் விளக்கே இல்லை, அல்லது அணைந்து அணைந்து எரிகிறது

முதலில் பிளக். மல்டி பிளக்கில் மூன்று பொருட்களோடு தொங்கும் அடப்டர் தளர்ந்து போயிருக்கும். சுவரிலுள்ள வேறொரு பொயின்ரில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள். அடுத்தது அடப்டர். விளக்கு எரிகிறது, ஆனால் ஆட்கள் சேர்ந்து பயன்படுத்தும்போது ரவுட்டர் தானாக நின்று தொடங்குகிறது என்றால், அடப்டர் களைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட். அம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் நேர், மறை அடையாளமும் ஒத்திருக்க வேண்டும்.

மின்வெட்டுக்கு ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யூபிஎஸ் நல்லது. பெட்டியில் 8800 மில்லியம்பியர்மணி என்று இருந்தால் நாள் முழுக்க வரும் என்று நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் மின்கலங்களின் கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வாட்மணி. 8 வாட் இழுக்கும் ரவுட்டருக்கு மூன்று, மூன்றரை மணிநேரம் கிடைக்கும்.

மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் பற்றரியும் இறங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு போனபோது எங்கள் வீட்டு ரவுட்டர் உயிரோடுதான் இருந்தது, கோபுரம்தான் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. உழவு இயந்திரத்துக்கு டீசல் எடுக்கவும் தொலைபேசியில் ஒரு படம் வேண்டியிருந்தது. அப்போதிருந்து முக்கியமான எதையும் இணையத்தில் மட்டும் வைக்காமல் தொலைபேசியில் சேமித்து, தாளிலும் அச்செடுத்து வைக்கச் சொல்கிறேன்.

விளக்குகள் எரிகின்றன, ஆனால் சிக்னல் ஒரு கோடுதான்

எங்கள் பக்கத்தில் அதிகம் காண்பது இதைத்தான். கோபுரம் தூரம், இடையில் காடு. ஆனாலும் வீட்டுக்குள் ரவுட்டர் இருக்கும் இடத்தை மாற்றியே பாதி வீடுகளில் நிலைமையைத் திருத்தியிருக்கிறேன்.

கோடுகளை நம்பாதீர்கள். ரவுட்டரின் பக்கத்தில் சிக்னல் பகுதியைத் திறந்தால் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற பெயரில், சிக்னலின் பலத்தைக் காட்டும் ஒரு மறை எண் தெரியும். -85 என்றால் மிக நன்று. -100 வரை நிம்மதியாக இருக்கலாம். -110 தாண்டினால் தடுமாறும். -115க்குக் கீழே போனால் அடிக்கடி அறுபடும். எண்ணின் பருமன் குறையக் குறைய நல்லது.

எங்கள் வீட்டில் ரவுட்டர் தொலைக்காட்சி மேசைக்குக் கீழ்த்தட்டில்தான் ஓராண்டு முழுக்க இருந்தது. பிளக் அங்கே இருந்ததுதான் காரணம். ஒரு பக்கம் இரும்பு அலுமாரி, மேலே தகரக் கூரை. எண் -113. ஒரு மாலை, நீண்ட வயரோடு ரவுட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். மகள் தொலைபேசியைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்ல, சோக்கட்டியால் அந்தந்த இடத்தில் எழுதினேன். சுவாமி அறை -111. குசினி -116. மேற்குப் பக்க ஜன்னலடி -104. அதே ஜன்னலில், மேல் விளிம்பு உயரத்தில் -101. கீழ்த்தட்டுக்கும் ஜன்னல் மேற்புறத்துக்கும் 12 டெசிபல் வித்தியாசம், அதாவது கிடைக்கும் சிக்னலின் பலம் சுமார் பதினாறு மடங்கு. ஒரு பலகைத்துண்டை ஆணியடித்து அங்கேயே ஏற்றினேன். அந்தச் சோக்கு எழுத்துகளில் ஒன்று குசினிக் கதவில் இன்னும் இருக்கிறது, மனைவி அழிக்கவிடவில்லை.

நீங்களும் இப்படியே செய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள், உடனே மாறாது. கோபுரம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்து ஜன்னலில் தொடங்குங்கள். தகரம், இரும்பு அலுமாரி, தண்ணீர்த் தாங்கி, கம்பி வலை ஆகியவற்றை விட்டு விலக்குங்கள்.

ஜன்னலிலும் -110க்கு மேல் ஏறவில்லையென்றால் வெளி அன்டெனா யோசிக்கலாம். ரவுட்டரின் பின்னால் இரண்டு அன்டெனாத் துளைகள் இருந்தால் இரண்டையும் இணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் இணைத்து ஏமாந்த வீடுகள் உண்டு. வயரை முடிந்தளவு குட்டையாக வையுங்கள். 10 மீற்றர் மெல்லிய வயர் அன்டெனா பிடித்துத் தந்ததில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ரவுட்டரை அன்டெனாவுக்கு அருகில் கொண்டுபோவது வயரை நீட்டுவதைவிட மேல். வளவிலேயே உயர்ந்த பொருளாக அன்டெனாக் கம்பத்தை நட்டுவிட்டு நிலத்தொடுப்பு (எர்த்) இல்லாமல் விடாதீர்கள். மின்னல் தேடி வரும்.

கோபுரமே எட்டாத உட்கிராமங்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் சேவை இலங்கையில் தொடங்கியது. அதன் தட்டுக்கு மரக்கொப்பு மறைக்காத திறந்த வானம் வேண்டும். எங்களைப் போன்ற ஒரு குடும்பம் தனியாகத் தாங்கும் செலவல்ல. பாடசாலையோ சங்கமோ வாசிகசாலையோ எடுத்தால் பொருந்தும் என்பது என் எண்ணம்.

விடியற்காலையில் பறக்கிறது, இரவு ஏழு மணிக்குப் பிறகு சுற்றிக்கொண்டே நிற்கிறது

காலை 5 மணிக்கும் இரவு 8 மணிக்கும் சிக்னல் எண்ணையும் வேகத்தையும் எழுதிப் பாருங்கள். சிக்னல் எண் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து வேகம் மட்டும் விழுந்தால் உங்கள் வீட்டில் பிழையில்லை. கோபுரத்தில் நெருக்கடி. வயலிலிருந்தும் வேலையிலிருந்தும் வீடு திரும்பிய எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கோபுரத்தில் தொங்குகிறார்கள். அன்டெனாவும் வேண்டாம், புதிய ரவுட்டரும் வேண்டாம். அதற்குச் செலவழித்த காசு வீண். இங்கே நான் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் நகை அடகுவைத்து ரவுட்டர் மாற்றிய வீட்டை எனக்குத் தெரியும்.

வேக அளவில் ஒரு மயக்கம் உண்டு. நிறுவனம் சொல்வது மெகாபிட்டில், பதிவிறக்கத்தில் தெரிவது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 10 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 1.25 மெகாபைட் வந்தால் முழுதாக வருகிறது என்றே பொருள்.

வெளிநாட்டு அழைப்புகளை நெருக்கடி இல்லாத நேரத்துக்கு மாற்றுங்கள். இங்கே காலை 6 மணி என்றால் டொரொன்டோவில் முதல் நாள் இரவு 8.30. அங்கே குளிர்காலத்தில் மணிக்கூட்டைப் பின்தள்ளிய பிறகு 7.30. அவர்கள் வேலை முடிந்து இருக்கும் நேரம், எங்கள் கோபுரம் காலியாக இருக்கும் நேரம். அந்த மரணவீட்டுக்காரருக்கு அந்தியேட்டியின் வீட்டுச் சடங்கை விடிய ஐந்தரைக்குத் தொடங்கிக் கொடுத்தோம். ரவுட்டரை விறாந்தைத் தூணில் கட்டினோம். ஒருமுறையும் அறுபடவில்லை.

வட்ஸ்அப் வருகிறது, வேறொன்றும் திறக்கவில்லை

முதலில் டேட்டா மீதியைப் பாருங்கள். சில பக்கேஜ்களில் குறிப்பிட்ட செயலிகளுக்குத் தனி டேட்டா, இரவுக்குத் தனி டேட்டா. பொது டேட்டா முடிந்து செயலிக்குரியது மிஞ்சியிருந்தால் இப்படித்தான் நடக்கும்.

டேட்டா இருக்கிறதென்றால் தொலைபேசியின் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். பற்றரி முற்றாக இறங்கிய பழைய தொலைபேசியில் திகதி பின்னுக்குப் போனால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும்.  அதுவும் சரியாக இருந்து மற்றவை திறக்காவிட்டால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் (DNS) பழுதாகியிருக்கலாம். ரவுட்டர் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்றும் 1.1.1.1 என்றும் எழுதிச் சேமித்துப் பாருங்கள்.

பரீட்சை முடிவு வெளியாகும் நாள் இதில் சேராது. நாடு முழுவதும் ஒரே பக்கத்தைத் தட்டும்போது அந்தத் தளம்தான் திணறும். பிள்ளையின் பதற்றத்தில் ரவுட்டரை நிறுத்திப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். பரீட்சைத் திணைக்களத்தின் 1911 இலக்கத்துக்கு எடுத்துப் பார்க்கலாம், அல்லது அரை மணிநேரம் பொறுக்கலாம்.

அவர்களைப் பார்க்கிறேன், என் குரல் அவர்களுக்குப் போகவில்லை

"தம்பி, பேத்தி சிரிப்பதைப் பார்க்கிறேன், நான் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லையாம்" என்று ஓர் அம்மம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சிக்னல் -98, குறையில்லை. கீழே வரும் வேகமும் போதும். மேலே போகும் வேகம் மட்டும் அடியோடு இல்லை.

வளவு மாமரத்தில் ஒரு கமரா கட்டியிருந்தது. தாய் தனியாக இருக்கிறார் என்று பாரிஸ் மகன் வாங்கி அனுப்பியது. மகன் வேலைத்தலத்தில் அதைத் திறந்துவைத்தபடியே இருப்பாராம். செக்கனுக்கு ஒரு மெகாபிட் வீதம் அது இருபத்துநான்கு மணிநேரமும் அனுப்பினால் 86,400 மெகாபிட், எட்டால் வகுத்தால் நாளுக்கு 10.8 ஜிகாபைட். முப்பது நாளுக்கு 324. அந்த வீட்டில் டேட்டா மாத நடுவில் ஏன் முடிகிறது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது.

கமராவைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மகனின் பயம் நியாயமானது. நினைவக அட்டை ஒன்றைப் போட்டு, அசைவு தெரிந்தால் மட்டும் அட்டையில் பதியும்படி மாற்றி, நேரடிப் படத்தின் தரத்தைக் குறைத்தோம். மகனிடம் பேசி, தேவையானபோது மட்டும் திறக்கச் சொன்னேன். அன்று மாலை அம்மம்மாவின் குரல் போனது.

கமரா இல்லாத வீடுகளில் தொலைபேசிகள் புகைப்படங்களைத் தானாக மேலேற்றுவதையும், கணினி தானாகப் புதுப்பிப்பதையும் பாருங்கள். ரவுட்டர் பக்கத்தில் எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியல் உண்டு. தெரியாத பெயர்கள் நிறைய இருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

வைஃபை அறைக்குள் எட்டவில்லை

ரவுட்டரில் இரண்டு வைஃபைப் பெயர்கள் தெரிந்தால், 5 ஜி என்று முடிவது அருகில் வேகமானது, சுவருக்குப் பயந்தது. தூரத்துக்கு மற்றதில் இணையுங்கள். அந்த 5 ஜிக்கும் தொலைபேசி நிறுவனங்களின் 5ஜிக்கும் சம்பந்தமில்லை. வெளியே முற்றத்தில், வயல்கரையில் பேசும்போது வைஃபையை நிறுத்திவிடுங்கள். தொலைபேசி வலுவிழந்த வைஃபையை விடாமல் பிடித்துக்கொண்டு டேட்டாவுக்கு மாற மறுக்கும்.

மழை வந்தால் போகிறது, இடி இடித்தால் பயமாக இருக்கிறது

4ஜி அலையை மழை நேரடியாகப் பெரிதாகக் கெடுப்பதில்லை. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் மரத்தின் நனைந்த இலைதான் கெடுக்கிறது. மழை விட்டு, இலை உலர்ந்ததும் எண் பழையபடி ஏறினால் காரணம் அதுவே. ரவுட்டரை ஒரு ஜன்னல் தள்ளி வைத்துப் பாருங்கள், அந்த மரத்தைத் தறிக்க வேண்டாம். வெளி அன்டெனா இருந்தால் இணைப்பு முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வயர் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அதில் சொட்டிவிடும், உள்ளே வராது.

மார்ச் – ஏப்ரலிலும் ஒக்டோபர் – நவம்பரிலும் பின்னேரத்து இடிமுழக்கம் எங்களுக்குப் பழகியது. முதல் முழக்கத்திலேயே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்துவது போதாது. தொலைபேசிக் கம்பி, அன்டெனா வயர் இருந்தால் அவற்றையும் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடி இடிக்கும்போது எழுந்துபோய்க் கழற்றாதீர்கள். அந்த நேரம் தாண்டிவிட்டது, ரவுட்டர் போனால் போகட்டும்.

பைபர்: சிவப்பு விளக்கு மினுங்குகிறது

வெளியிலிருந்து வரும் ஒளி அறுந்துவிட்டது. வீட்டுக்குள் மெல்லிய மஞ்சள் வயரை யாராவது மடித்துவைத்திருக்கிறார்களா, அலுமாரி நசுக்குகிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றிக் கண்ணருகே பிடிக்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தீங்கு செய்யும். பிறகு வளவைச் சுற்றி வந்து, குரங்கு தொங்கியதோ, பாரம் ஏற்றிய டிப்பர் இழுத்ததோ, வயர் எங்கே தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து முறைப்பாட்டில் சொல்லுங்கள்.

முறைப்பாடு செய்யும்போது

"இணையம் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் நிறுத்திப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். திகதி, நேரம், சிக்னல் எண், வேகம், ரவுட்டர் பக்கம் திறந்ததா, எத்தனை கருவிகளில் பார்த்தீர்கள் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் பயனில்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் பாவனையாளரின் முறைப்பாட்டைக் கேட்பது அதன் கடமைகளில் ஒன்று.

கோபுர நெருக்கடிக்கு ஒரு வீடு எழுதினால் எடுபடாது. எங்கள் ஒழுங்கையில் ஆறு வீடுகள் சேர்ந்து ஒரு பயிற்சிக் கொப்பியில் ஏழு இரவுகள் எழுதினோம். எங்கள் வீட்டின் கடைசி வரி இது: ஞாயிறு, இரவு 8.10, சிக்னல் -101, வேகம் 0.6 மெகாபிட், அடுத்த நாள் காலை 5.05, சிக்னல் -101, வேகம் 14. இரண்டு கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதோடு இந்தக் கொப்பியின் பிரதியை இணைத்து, ஆறு வீட்டுக் கையொப்பத்தோடு இந்தக் கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறோம்.